மிச்ச நூலில் ஒரு குல்லா

போன இதழில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தேன்: வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் உல்லன், குரோஷா நூலையெல்லாம் என்ன செய்கிறீர்கள்? பதில்கள் வரும் என்று காத்திருந்தேன். கேள்விகள் வந்து குவிந்தன. இந்த முறை பகுதி முழுவதும் அவற்றுக்கே.

கே: பட்டுக்கோட்டை வெயிலில் ஸ்வெட்டர் பின்னி யார் தலையில் கட்டுவது?
– இல்லத்தரசி, பட்டுக்கோட்டை

ப: தலையில் கட்ட வேண்டாம், தலைக்குப் போடுங்கள். குல்லா பின்னுங்கள்!

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. 37 வாரம் நிறையும் முன்பே பிறந்துவிடும் குழந்தைக்குத் தோலுக்கடியில் கொழுப்பு சேர்ந்திருக்காது. உடம்பின் அளவுக்குத் தலை பெரிது. வெளியே சித்திரை வெயில் கொளுத்தினாலும், ஒன்றரைக் கிலோவில் பிறந்த அந்த உயிரின் சூடு தலை வழியே போய்க்கொண்டே இருக்கும். 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாமல் திண்டாடிய மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா ஒரு வழி கண்டார்: குழந்தையைத் தாயின் மார்பில், தோலோடு தோலாக அணைத்துக் கட்டிவிடுவது. 'கங்காரு தாய் பராமரிப்பு' என்ற பெயரில் நம் அரசு மருத்துவமனைகளிலும் இன்று அதைச் செய்கிறார்கள். அந்த நேரத்தில் குழந்தை மேல் இருப்பது மூன்றே உருப்படி: குல்லா, காலுறை, இடுப்புத் துணி. மூன்றில் இரண்டை நீங்கள் பின்னிவிடலாம்.

டெல்டாவின் சிக்கலான பிரசவங்களில் பல, தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனைக்குத்தான் போய்ச் சேருகின்றன. அங்கோ, உங்கள் ஊர் அரசு மருத்துவமனையிலோ, பச்சிளங்குழந்தைப் பிரிவுச் செவிலியரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். வெளியிலிருந்து குல்லா வாங்கிக்கொள்வீர்களா, என்ன அளவு, எந்த நூல். பதில் கிடைத்த பிறகு ஊசியை எடுங்கள்.

கே: அந்த அளவைத்தான் நீங்களே சொல்லிவிடுங்களேன்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, மதுக்கூர்

ப: சொல்கிறேன் டீச்சர். நிறைமாதக் குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 34, 35 செ.மீ. 32 வாரத்தில் பிறந்தால் 29ஐ ஒட்டி இருக்கும். 28 வாரமென்றால் 26. பின்னல் இழுபட்டுக் கொடுக்கும் என்பதால் இதில் இரண்டு செ.மீ. குறைத்தே பின்னுங்கள். போட்டுப் பார்க்கக் குழந்தைக்கு எங்கே போவது என்று யோசிக்க வேண்டாம். நம் ஊரில் தேங்காய்க்கா பஞ்சம்? உரித்த காய்களை இஞ்ச் டேப்பால் சுற்றி அளந்து, சிறுகாய் ஒன்று, நடுத்தரம் ஒன்று, பெரிது ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பொத்தான், மணி, ரிப்பன், உச்சியில் பஞ்சுப் பந்து எதுவும் கூடாது. உள்பக்கம் நூல் வால் தொங்கக் கூடாது. காலுறையில் இது இன்னும் முக்கியம். தளர்ந்த ஓர் இழை குழந்தையின் கால்விரலைச் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டமே நின்றுபோகும். குழந்தை ஏன் வீறிடுகிறது என்று புரியாமல் மருத்துவமனைக்கு ஓடி வந்து, அங்கே காலுறையைக் கழற்றும்போதுதான் வீங்கிச் சிவந்த விரல் தெரிந்தது என்று மருத்துவர்கள் எத்தனையோ முறை எழுதியிருக்கிறார்கள். எனவே பின்னி முடித்ததும் உள்ளை வெளியாகப் புரட்டி, விரலை விட்டு ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துவிட்டே கொடுங்கள்.

கே: லேபிள் கிழிந்துபோன நூல் ஒரு பை நிறைய இருக்கிறது. எது காட்டன், எது கம்பளி என்று கண்டுபிடிக்க வழி உண்டா?
– வாசகி, பேராவூரணி

ப: தீக்குச்சியிடம் கேளுங்கள், பொய் சொல்லாது. இரண்டு அங்குலத் துண்டை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பருத்தி. முடி பொசுங்கும் நாற்றம் வந்து, தீயை விலக்கியதும் தானே அணைந்தால் அசல் ஆட்டுக் கம்பளி. உருகிச் சுருண்டு, ஆறியதும் கறுப்புக் குமிழாகக் கெட்டிப்பட்டால் அக்ரிலிக். கடையில் 'உல்லன்' என்று நாம் கேட்டு வாங்கி வருவதில் ஏராளமானவை இந்த மூன்றாவது ரகந்தான்.

பச்சைக் குழந்தைக்குப் பருத்தியே நல்லது. வியர்வையை உறிஞ்சும், கொதிநீரில் போட்டு அலசலாம். கம்பளியைக் கொதிநீரில் போட்டால் பொம்மைச் சட்டையாகச் சுருங்கி வரும். அக்ரிலிக் வேர்க்கும், தீயருகே போனால் உருகி ஒட்டும். அதற்கு வேறு வேலை வைத்திருக்கிறேன், பின்னால் சொல்கிறேன்.

கே: பலநிற மிச்சங்களைக் கலந்து பின்னினால் அசிங்கமாக இருக்காதா?
– கல்லூரி மாணவி, ஒரத்தநாடு

ப: நிறத்தைக் கலக்கலாம், ரகத்தைக் கலக்கக் கூடாது. பருத்தியும் கம்பளியும் ஒரே போர்வையில் இருந்தால், முதல் வெந்நீர்ச் சலவையில் ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது. போர்வை கோணிக்கொள்ளும். கனமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். சிவப்பையும் கருநீலத்தையும் ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பார்த்துவிடுங்கள். மற்றபடி கண்ணைப் பறிக்கும் ஒரு தூக்கலான நிறத்தை எல்லாத் துண்டுக்கும் ஓரமாகக் கொடுங்கள். எந்த மிச்சமும் குடும்பத்தோடு சேர்ந்துவிடும்.

கே: என்னிடம் இருப்பதெல்லாம் சின்னச் சின்ன உருண்டை. ஒன்றில்கூட ஒரு குல்லா தேறாது. தூக்கிப் போட மனமில்லை.
– தபால் துறை ஊழியர், முத்துப்பேட்டை

ப: போடாதீர்கள். 1991இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஈவி ரோசன் என்ற நூல் கடைக்கார அம்மா இதே கவலையிலிருந்து ஓர் இயக்கத்தையே உருவாக்கினார். 'வார்ம் அப் அமெரிக்கா' என்று பெயர். ஒவ்வொருவரும் ஒரு முழுப் போர்வை பின்ன வேண்டியதில்லை. 7 அங்குல அகலம், 9 அங்குல நீளத்தில் ஒரு துண்டு பின்னினால் போதும். அப்படி 49 துண்டுகளை, வரிசைக்கு ஏழாக ஏழு வரிசை இணைத்தால் ஒரு போர்வை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 49 அங்குல அகலம், 63 அங்குல நீளம். ஒரு ஆள் போர்த்திக்கொள்ளத் தாராளம்.

இதில் எனக்குப் பிடித்தது, கை நடுங்கும் பாட்டியும், நேற்றுக் கற்றுக்கொண்ட பேத்தியும் ஒரே போர்வையில் இடம் பிடித்துவிடுகிறார்கள் என்பது. ஒரு தெருவில் ஏழு வீடு சேர்ந்து, வீட்டுக்கு ஏழு துண்டு என்று வைத்துக்கொண்டால் மார்கழிக்குள் ஒரு போர்வை முடிந்துவிடும். துண்டு பின்னும்போது உருண்டையில் இன்னொரு வரிசைக்கு நூல் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், பின்னலின் அகலத்தைப்போல் மூன்று நான்கு மடங்கு நீளம் மிச்சமிருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். இல்லையென்றால் வரிசையின் தொடக்கத்திலேயே அடுத்த நூலுக்கு மாறிவிடுங்கள். நடுவழியில் முடிச்சு வேண்டாம்.

கே: சென்னையில் உலகத்திலேயே பெரிய குரோஷா போர்வை பின்னினார்களாமே, அவ்வளவு பெரிய போர்வை யாருக்கு?
– பத்தாம் வகுப்பு மாணவன், அதிராம்பட்டினம்

ப: நல்ல கேள்வி தம்பி. சுபஸ்ரீ நடராஜன் ஒருங்கிணைத்த 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழு 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் விரித்த அந்தப் போர்வை 11,148.5 சதுர மீட்டர். ஏக்கர் கணக்கில் இரண்டே முக்கால். நம் ஊர்க் கணக்கில் எட்டு மாவுக்கும் கொஞ்சம் மேல், அதாவது ஒரு சிறு விவசாயியின் மொத்த நிலத்தையும் போர்த்திவிடலாம்! பல ஊர்களிலும் வெளிநாடுகளிலும் இருக்கும் பெண்கள் வீட்டிலிருந்தபடியே சிறு போர்வைகளாகப் பின்னி அனுப்ப, எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்தார்கள். கின்னஸ் அளந்து முடித்ததும் அந்த இணைப்பைப் பிரித்து, மறுபடி தனித்தனிப் போர்வைகளாக்கி, தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். உன் கேள்விக்குப் பதில் அதுதான். முந்தைய மாதம்தான் சென்னை வெள்ளத்தில் மூழ்கி எழுந்திருந்தது என்பதையும் சேர்த்துப் பார்.

சாதனை முடிந்த பிறகும் அந்தப் போர்வை உபயோகப்படும் என்று முதலிலேயே யோசித்து, மனிதர் போர்த்தும் அளவில் துண்டுகளைத் திட்டமிட்டார்களே, சாதனை எண்ணிக்கையைவிட அந்த யோசனையை நான் மதிக்கிறேன்.

கே: உல்லன் எல்லாம் ஊட்டிக்காரர்களுக்கு. எங்கள் வீட்டில் மிஞ்சுவது கூடை வயர்தான். அதற்கு உங்கள் பகுதியில் இடம் உண்டா?
– சத்துணவுப் பணியாளர், திருச்சிற்றம்பலம்

ப: முதல் வரிசையில் உண்டு அக்கா. தமிழ்நாட்டுப் பெண்களின் பின்னல் என்றால் அது வயர் கூடைதான். சிவன் கண், பிஸ்கட், நெல்லிக்காய் என்று முடிச்சுகளுக்குப் பேர் வைத்து, கேட்லாக் எதுவும் இல்லாமல் ஒரு கையிலிருந்து மறு கைக்கு வந்த கலை. 2019 ஜனவரி 1இல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளைத் தமிழக அரசு தடை செய்த பிறகு இதற்கு மறுபடி மவுசு.

அரை ரோல், கால் ரோல் மிச்சத்தில் பெரிய கூடை வராது. பிளாஸ்க் கூடை வரும். அரசு மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையாகப் போகிறவர்களைப் பாருங்கள். ஒரு கையில் வெந்நீர், ஒரு கையில் மாத்திரைச் சீட்டு, இடுப்பில் குழந்தை. அவர்களுக்கு ஒரு பிளாஸ்க் கூடை என்பது மூன்றாவது கை. பிள்ளை பெற வருகிறவர்களுக்குத் தேடிப் போய்க் கொடுங்கள். வயரை வெட்டிய முனைகளை மட்டும் நன்றாக உள்ளே சொருகிவிடுங்கள், கையைக் கிழிக்கும்.

கே: நூல் துணுக்குகளைத் தோட்டத்தில் போட்டு வைத்தால் தூக்கணாங்குருவி கூடு கட்ட எடுத்துக்கொள்ளுமா?
– தென்னந்தோப்பு விவசாயி, தம்பிக்கோட்டை

ப: எடுத்துக்கொள்ளும். அதனால்தான் போடக் கூடாது. அக்ரிலிக், நைலான் இழை மக்காது, அறாது. குஞ்சின் காலில் ஒரு சுற்று விழுந்தால், கால் பருக்கப் பருக்க இழை இறுகும். தூக்கணாங்குருவிக்கு நெல்தாளும் நீளப் புல்லும் தென்னோலையும் போதும். அலகாலேயே இழையாகக் கிழித்து, யாரிடமும் கற்காமல் நம்மைவிட நேர்த்தியாகப் பின்னுகிறது. நீங்கள் வரப்போரம் கொஞ்சம் புல்லை வெட்டாமல் விட்டு வைத்தால் அதுவே தானம். ஒரு விரல் நீளத்துக்கும் குறைந்த துணுக்குகளைச் சேர்த்து வைத்துத் தலையணை, திண்டுக்குள் அடையுங்கள்.

கே: எட்டாவது படிக்கும் என் மகன் குரோஷா கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறான். சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள்.
– ஒரு தாய், பட்டுக்கோட்டை

ப: சிரிக்கிறவர்களை ஒரு நாள் மல்லிப்பட்டினம் துறைமுகத்துக்குக் கூட்டிப் போங்கள். வரிசையாக உட்கார்ந்து, கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கண்ணி தப்பாமல் ஊசி ஓட்டுகிறவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். அலையைக் கிழித்துப் போகிற கைதான் அந்த வலையையும் தைக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஆல்பிரட் டேட் என்ற முதியவர் 109 வயதிலும் பென்குயின்களுக்கு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தார். உங்கள் பையனுக்கு இன்னும் 95 வருஷப் பயிற்சி பாக்கி இருக்கிறது. நாலு மில்லிமீட்டர் ஊசியும் வெளிர்நிறப் பருத்தி நூலும் வாங்கிக் கொடுங்கள். கறுப்பு நூலில் கண்ணி தெரியாது, கற்றுக்கொள்ளும் குழந்தை சலித்துவிடும்.

வலை என்றதும் இன்னொன்று. அறுந்த வலைத் துண்டைக் கடலில் வீசுவது இந்தக் கரையில் பெரிய தீங்கு. தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் கடற்கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் கடற்பசுக்களின் காப்பகமாக அரசு அறிவித்திருக்கிறது. மூச்சுக்காக மேலே வர வேண்டிய பிராணி அது. வலையில் சிக்கினால் மூழ்கியே செத்துவிடும். கிழிந்த வலை, அவரைப் பந்தலுக்கு வரட்டும்.

கே: பென்குயினுக்கு எதற்கு ஸ்வெட்டர்?
– அதே வீட்டின் தங்கை, வயது 9

ப: கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டினால் பென்குயின் இறகில் ஒட்டிக்கொள்ளும் பாப்பா. அலகால் கோதும்போது அந்த விஷம் வயிற்றுக்குள் போகும். குளிப்பாட்டிவிடும் வரை கோதாமல் இருக்க ஒரு சட்டை. 2001இல் பிலிப் தீவு அருகே எண்ணெய் கசிந்தபோது 438 பென்குயின்கள் பாதிக்கப்பட்டன, சட்டை போட்டுப் பெரும்பாலானவற்றைக் காப்பாற்றினார்கள். உலகமே பின்னி அனுப்பியதில் பிற்பாடு தேவைக்கு மேல் குவிந்துவிட்டது என்பதும் உண்மை.

கே: தேவைக்கு மேல் கொடுத்தால் என்ன தவறு? நல்ல மனசுதானே?
– வாசகர், நாகப்பட்டினம்

ப: நாகையிலிருந்து இந்தக் கேள்வியா! 2004 டிசம்பர் 26க்குப் பிறகு உங்கள் கரையோரச் சாலைகளில் என்ன குவிந்து கிடந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். நாடு முழுவதிலிருந்தும் லாரி லாரியாகப் பழந்துணி. கிழிந்தது, சாயம் போனது, குளிர்நாட்டுக் கம்பளி உடுப்பு. கடலில் எல்லாவற்றையும் இழந்தவர்களுக்கும் மானம் உண்டு. அவர்கள் அதைத் தொடவில்லை. துணி மழையில் நனைந்து அழுகியது. பிறகு, டில்லியில் அன்ஷு குப்தா 1999இல் தொடங்கிய 'கூஞ்ச்' அமைப்பு அந்தக் குவியலை அள்ளிப் போய்த் தரம் பிரித்து, உபயோகமான பொருளாக மாற்றும் பெரும் வேலையைச் செய்தது. அவருக்கு 2015இல் மகசேசே விருது கிடைத்தது.

கஜா புயலில், 2018 நவம்பர் 16 விடிந்தபோது, நம் பக்கம் தென்னைகள் விழுந்து கிடந்தன, ஓடும் கீற்றும் பறந்திருந்தன. அன்றைக்குக் கேட்டது தார்ப்பாயும் போர்வையும் மெழுகுவத்தியும் குடிநீரும். கேட்டதைக் கொண்டுவந்தவர்களை ஊர் இன்னமும் பெயர் சொல்லி நினைக்கிறது. நல்ல மனசு மட்டும் போதாது. எதிராளிக்கு என்ன வேண்டும் என்று கேட்கும் பொறுமையும் சேர வேண்டும். பின்னுகிறவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். ஏனென்றால் நமக்குப் பின்னுவதே சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் வாங்குகிறவரை மறந்துவிடுவோம்.

கே: ஆக்டோபஸ் பொம்மை பின்னி இன்குபேட்டர் குழந்தைகளுக்குக் கொடுப்பதாக வீடியோவில் பார்த்தேன். நானும் பின்னட்டுமா?
– ஐ.டி. ஊழியர், வீட்டிலிருந்து வேலை, தாமரங்கோட்டை

ப: மருத்துவர் கேட்டால் மட்டும். 2013இல் டென்மார்க்கில் தொடங்கிய வழக்கம் அது. கருவில் தொப்புள்கொடியைப் பிடித்து விளையாடிய கை, இன்குபேட்டரில் குழாயையும் வயரையும் பிடித்து இழுக்காமல் பொம்மையின் காலைப் பற்றிக்கொள்ளட்டும் என்ற எண்ணம். அழகான எண்ணம்தான். ஆனால் நூறு சதவீதம் பருத்தி, இழுத்துப் பிடித்தாலும் 22 செ.மீட்டரைத் தாண்டாத கால்கள், நெருக்கமான கண்ணி, சூடான சலவையைத் தாங்கும் பஞ்சு என்று அவர்களே கடுமையான விதி வைத்திருக்கிறார்கள். தொற்றுப் பயத்தில் அனுமதிக்காத மருத்துவமனைகளும் உண்டு, அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. வீட்டுத் தொட்டிலில் தூங்கும் குழந்தையின் முகத்தருகே இதைப் போடவே கூடாது.

கே: மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை செய்துகொண்டவள் நான். பின்னல் எனக்கு உதவும் என்று தோழி சொன்னாள். எப்படி என்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை.
– பெயர் வேண்டாம், தஞ்சாவூர்

ப: சகோதரி, எழுதியதற்கு நன்றி. உங்கள் தோழி சொன்னது சரி. மார்பகத்தை இழந்த பெண்கள் உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ள, மென்மையான பருத்தி நூலில் பின்னிப் பஞ்சடைத்த மாற்று மார்பகம் இருக்கிறது. சிலிகானில் செய்வது கனமானது, விலையும் அதிகம், நம் வெயிலில் வியர்த்து உறுத்தும். பின்னியது பூப்போல லேசு, துவைத்துக் காயவைக்கலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பார்பரா டெமரஸ்ட், தானே இந்த நோயைக் கடந்து வந்தவர், 2011இல் தொடங்கிய 'நிட்டட் நாக்கர்ஸ்' இயக்கம் இது. இந்தியாவில் மும்பையின் 'சாயிஷா இந்தியா பவுண்டேஷன்' மூலம் தன்னார்வலர்கள் பின்னி, காசு வாங்காமல் கொடுக்கிறார்கள். தழும்பு ஆறிவிட்டதா, எப்போது அணியலாம் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பின்னத் தெரிந்த மற்ற வாசகிகளுக்கு ஒரு வேண்டுகோள். இதற்குக் கண்ட மிச்ச நூலை எடுக்காதீர்கள். அந்த அமைப்பு சொல்லும் நூல், சொல்லும் அளவு, சொல்லும் பின்னல் முறை மட்டுமே. தழும்பின் மேல் படும் பொருள் அது.

கே: பின்னி வைத்த குழந்தை உடுப்பைப் பூச்சி அரிக்காமல் இருக்கப் பாச்சை உருண்டை போடலாமா?
– வாசகி, வேதாரண்யம்

ப: போடவே போடாதீர்கள்! பிறவியிலேயே ஒரு நொதி குறைவாக உள்ள குழந்தைகள் உண்டு. பாச்சை உருண்டையின் வாசம் ஏறிய துணி அவர்கள் மேல் பட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை முற்றும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை என்று துணி கொடுக்கிற நமக்குத் தெரியாது. நன்றாக வெயிலில் காயவைத்து, உலர்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து ஓரமாகப் போட்டு, மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள். கொடுக்கும் முன் மறுபடி ஒரு அலசல்.

கே: 62 சீனப் போரில் நாங்கள் பள்ளிக்கூடத்திலேயே ஸ்வெட்டர் பின்னினோம். இந்தத் தலைமுறைக்கு அதெல்லாம் தெரியுமா?
– ஒரு பாட்டி, திருத்துறைப்பூண்டி

ப: நீங்கள் சொன்னால் தெரியும் பாட்டி. இமயத்தின் பனியில் போதிய கம்பளி உடை இல்லாமல் ஜவான்கள் நின்றார்கள் என்ற செய்தி வந்ததும், நாடு முழுவதும் பெண்கள் ஊசியை எடுத்தார்கள். வெயிலைத் தவிர வேறு தெரியாத ஊர்களில்கூட. அதற்கும் முன்னால், 1924 பெல்காம் காங்கிரஸில் காந்தி கட்சி உறுப்பினரிடம் சந்தாவாகக் கேட்டது நூலைத்தான், மாதம் 2,000 கெஜம். காசாகக் கொடுத்துவிட்டுப் போவதைவிட, உட்கார்ந்து நூற்ற நேரத்தைக் கேட்டார். பேத்திகளை உட்கார வைத்து உங்கள் 62 கதையைச் சொல்லுங்கள், கையில் ஊசியோடு.

கே: இவ்வளவு மெனக்கெடுவதற்குப் பதில் பணமாகக் கொடுத்துவிட்டால் போதாதா?
– வங்கி ஊழியர், மன்னார்குடி

ப: பணம் வேண்டும் என்று கேட்கிறவர்களுக்குப் பணமே கொடுங்கள், அதில் இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் நூலால் இன்னொரு காரியம் ஆகும். 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரிப் பெண்மணி மார்த்தா மால்ட், பெண் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தி, லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அன்றைய திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படியே இருந்தது. 1855இல்தான் ஒழிந்தது. லேஸ் விற்ற காசில் பள்ளி நடந்தது. அடிமைப் பெண்களில் சிலர் அந்தச் சம்பாத்தியத்தால் தங்கள் விடுதலையையே வாங்கிக்கொண்டார்கள். அவருடைய மகள் எலிசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனவர், அங்கேயும் லேஸ் பள்ளி வைத்தார். நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாக அந்த ஊசி அங்கே ஓய்ந்ததில்லை.

அதனால் குல்லா கொடுத்துவிட்டு வருவதோடு நிற்க வேண்டாம் என்பேன். பின்னத் தெரிந்தவர், விருப்பமுள்ள நாலு பெண்களுக்கு வாரம் ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுங்கள். மிச்ச நூலின் சிறந்த உபயோகம் அதுதான். பிரித்துப் பிரித்துப் பின்ன, கெட்டாலும் கவலையில்லை.

கே: அம்மா பாதியில் விட்டுப்போன ஸ்வெட்டர் பீரோவில் இருக்கிறது. முடிக்கவா, பிரிக்கவா?
– வாசகர், கும்பகோணம்

ப: முடிக்க ஆள் இருந்தால் முடியுங்கள். இல்லையென்றால் பயப்படாமல் பிரியுங்கள். நாற்காலி முதுகில் சிட்டமாகச் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, சோப்புத் தண்ணீரில் அலசி, கீழே லேசான கனம் தொங்கவிட்டுக் காயவையுங்கள். சுருள் போய் நூல் நேராகிவிடும். ஒரு முழ நூலை மட்டும் உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

கே: அக்ரிலிக்குக்கு வேலை வைத்திருக்கிறேன் என்றீர்களே?
– மீண்டும் அதே பேராவூரணி வாசகி

ப: மறக்கவில்லை. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து, நெல் கொள்முதல் நிலையங்களுக்கு இரவில் போய்ப் பாருங்கள். எடை போட முறை வரும் வரை, குவித்த நெல்லுக்குப் பக்கத்திலேயே விவசாயி படுத்துக் கிடப்பார். மேலே பனி கொட்டும். தார்ப்பாய் நெல்லின் மேல், அவர் மேல் ஒரு துண்டு. ஊருக்கே சோறு போடுகிற நெல் அது, அவரும் நமக்குப் பச்சைக் குழந்தை மாதிரிதான். காதை மூடும் மங்கி குல்லாவுக்கும் கழுத்து மப்ளருக்கும் அக்ரிலிக் பொருத்தம். லேசு, சீக்கிரம் காயும், பூச்சி அரிக்காது. அடர்ந்த நிறமாகப் பாருங்கள், தூசி தெரியாது. பெரியவர் குல்லா ஒன்றுக்கு 100 கிராம் நூல் இருந்தால் தாராளம். இரண்டு மூன்று மிச்ச உருண்டை சேர்ந்தால் வந்துவிடும்.

கே: தைக்குள் எத்தனை குல்லா முடிக்க முடியும்? நாங்கள் ஐந்து பேர் தயார்.
– மகளிர் சுய உதவிக் குழு, பட்டுக்கோட்டை வட்டாரம்

ப: எத்தனை முடியும் என்று யோசிக்காதீர்கள், எத்தனை வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் ஊர்க் கொள்முதல் நிலையத்தில் சுமை தூக்கும் தொழிலாளர்களையும் காவலரையும் கேளுங்கள், போன வருஷம் ஓர் இரவில் எத்தனை பேர் அங்கே படுத்தார்கள் என்று. அந்த எண்ணிக்கைக்கு நூலை நிறுத்துப் பிரித்து, ஐப்பசி அடைமழையில் தொடங்குங்கள். வயலில் வேலை இருக்காது, கை சும்மாதான் இருக்கும். நூல் போதவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள். தபால் துறைக்காரர் முத்துப்பேட்டையில் ஒரு பை உருண்டைகளோடு காத்திருக்கிறார்.